காரணக் கட்டம்

மெஸ் நோட்டில் நான் போட்டது மூன்று கோடு:
தேதி, பெயர், தொகை.
நான்காவதைப் போட்டவன் முத்துக்கூத்தன்.
"காசு எதுக்குப் போச்சுன்னு
நாளைக்கு நமக்கே தெரியணும்ல."
மேலே 'காரணம்' என்று எழுதினான்,
மூன்று சுழிக்கு நாலு சுழி போட்டு.

சஜ்ஜா கேம்ப், பதினேழாம் நம்பர் அறை.
மூன்று இரும்புக் கட்டில், ஆறு அடுக்கு.
ஏசிக்குக் கீழே படுக்கிறவனுக்குக் காது வலி,
தள்ளிப் படுக்கிறவனுக்கு வேர்வை.
இரண்டும் நோட்டில் உண்டு.

சார்ஜாவில் சொட்டு கிடைக்காது.
"கிடைச்சிருந்தா நான் ஏன் குடிக்கப் போறேன்"
என்பது சூசைமாணிக்கத்தின் வாதம்.
கிடைக்காததால்
எட்டு திர்ஹாம் கொடுத்து நாசரின் கார் லிஃப்டில்
அஜ்மான் போவான்.
சோப்புத்தூள் பைக்குள் பாட்டிலைப் புதைத்து
திரும்பும் வழியெல்லாம்
எதிரே வரும் போலீஸ் கார் ஒவ்வொன்றுக்கும்
ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொள்வான்.
அறைக்கு வந்ததும்
"பயந்துட்டேன்டா, ஒரு மடக்கு ஊத்து."

புரட்டுகிறேன்.
ஏப்ரல் ஏழு: ஃபோர்மேன் திட்டினான்.
ஏப்ரல் ஒன்பது: திட்டவில்லை, என்னவோ இருக்கிறது.
சம்பளம் வந்தது.
சம்பளம் வரவில்லை.
பாதிச் சம்பளம். (பாதிதான் குடித்தோம். இது பொய்.)
குழாயைத் திறந்தால் வெந்நீர்.
மழை, ஒன்பது மாதம் கழித்து, பதினோரு நிமிடம்.
இருளப்பன் மகள் பத்தாம் வகுப்பில் நானூற்று நாற்பது.
மறுநாள், அவளை மேலே படிக்கவைக்க
எவ்வளவு ஆகும் என்று இருளப்பன் கூட்டிப் பார்த்தது.

வீடியோ காலில் முத்துக்கூத்தனின் மகன்
போனைத் தாயிடம் நீட்டி
"அம்மா, அந்த மாமா" என்றான் ஒருநாள்.
"மாமனாயிட்டேன்டா, பார்ட்டி வைக்கணும்"
என்று அவனே எழுதச் சொன்னான்.
எல்லாரும் சிரித்தோம்.
எழுதினேன்.

என் பெயருக்கு எதிரே
எப்போதும் ஒன்றுதான்: 'இவர்களுக்குத் துணைக்கு.'
பேனா வைத்திருப்பவனுக்கு
அந்த அளவு சலுகை உண்டு.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு
முத்துக்கூத்தனுக்கு ஊரிலிருந்து போன்.
தம்பி.
அருப்புக்கோட்டை பைபாஸ், மணல் லாரி, பின்சக்கரம்.
பைக் பெட்டியில்
பாதி பாட்டில் உடையாமல் இருந்ததாம்.
அதையும் சொன்னார்கள்.
"பைக் டியூ கட்டணும்னு ஐயாயிரம் கேட்டான்.
வெள்ளிக்கிழமைதான் போட்டேன்"
என்று பணம் அனுப்பிய ரசீதை
மடித்து, பிரித்து, மடித்து
உட்கார்ந்திருந்தான்.

சூசைமாணிக்கம் கிளாஸை நீட்டினான்.
வேறு எதை நீட்டுவது என்று
அவனுக்குத் தெரியாது.
எங்களில் யாருக்குமே தெரியாது.
வாங்கிக்கொண்டவன்
வெகுநேரம் அதை முழங்கால்மேல் வைத்திருந்து
என்னைப் பார்த்தான்.
"நோட்டுல என்ன எழுதுவ?"

கையிலிருந்த பேனாவையே
நான் தேடினேன்.

கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
பாஸ்போர்ட்டை யாரிடம் கேட்க வேண்டும் என்று
விசாரிக்கத் தொடங்கினான்.
ஆபீஸ் திங்கள்தான் திறக்கும்.
அதற்குள் அங்கே எரித்து முடித்துவிட்டார்கள்.
போகிறவன் எதற்குப் போகிறான் என்று
ஹெச்.ஆர். கேட்டதற்கு
'அவசரம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தானாம்.

அன்று இரவு ஒருவரும் குடிக்கவில்லை.
இரண்டு வருட நோட்டில்
காரணம் என்று சொல்லத்தக்கது
வந்தது அந்த ஒருநாள்தான்.

ஜன்னல் கிளாஸை
இரண்டு பகலில் வெயில் குடித்து முடித்தது.
அடியில் பழுப்பாக ஒரு வளையம்.
அதனிடம் யார் கேட்பது.

சனிக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது.
அதற்குக் கீழே, செவ்வாய்,
ஐந்து பேருக்கும் சேர்த்து,
என் கையெழுத்தில்:
'மூன்று நாளாகக் குடிக்கவில்லை.'