மூணு வெளியே, ரெண்டு உள்ளே

காசிமேட்டில் மூன்றரை மணி.
ஏலக் கூச்சலுக்குப் பின்னால்
கன்னியப்பன் எனக்கென்று எடுத்து வைத்திருப்பான்
ஒரு வாளிக் கடல்நீரில், உயிரோடு, நாலு ஊசிக் கணவாய்.
"இன்னா மேடம், செத்தது ஆவாதா உனுக்கு?"
ஆவாது.
மை கக்கியபடி ஆட்டோவில்
என் கால்களுக்கிடையே தளும்பி வருகின்றன
கல்மண்டபம் தாண்டும்வரை.

விடிவதற்குள் உரித்தெடுத்துவிட வேண்டும்
தையல் நூலைப்போல் வெளுத்த அந்த ஒற்றை நரம்பை.
கதிர்வீசும் சோடியத்தை உள்ளே ஏற்றிவிட்டு
கருவிக்குப் பக்கத்தில் காது வைத்து உட்காருவேன்.
டிக். டிக்டிக். டிக்.
வெளியே வந்து விழும் உப்பின் சத்தம்.
சவ்வில் நின்று யாரோ மூட்டை தூக்குகிறார்கள்,
மூணு வெளியே, ரெண்டு உள்ளே,
மூணு வெளியே, ரெண்டு உள்ளே,
துறைமுகத்து இரவு ஷிப்ட் மாதிரி,
நடைக்கு ஒரு ஏடிபி கூலி.

அப்புறம் சயனைடு. ஒரு சொட்டுக்கும் குறைவாக.
மூட்டை தூக்குகிறவர்களை அது தொடாது.
கூலி அச்சடிக்கும் இடத்தை மூடிவிடும்.
ஒன்றரை மணி நேரம் கழித்து
ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில்
நான் டீ குடித்து முடிக்கலாம்.

இங்கேதான் ஒவ்வொரு முறையும் வயிறு பிசையும்.
மின்சாரத்தால் சீண்டினால்
நரம்பு துள்ளுகிறது.
திரையில் அதே உயரம், அதே கூர்.
செய்தி போகிறது, ஆயிரம் தடவை போகிறது.
விஷம் வைத்ததே அதற்கு இன்னும் தெரியாது.

புயலில் கரண்ட் போன அன்று, கொருக்குப்பேட்டையில்,
கீழ்வீட்டு ஷமீம் அக்கா
போர்வைகளையெல்லாம் ஊறவைத்தாள்.
"மோட்டார் ஓடலன்னா இன்னா, குழாய்ல வருதே."
வந்தது. டேங்க்கில் இருந்தவரைக்கும்.
கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனும் நின்றுவிட்டதை
மறுநாள் குளியலறைத் தரையின் ஓட்டை சொன்னது,
கறுப்பாக, அவசரமில்லாமல்,
கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி.

உப்பும் அப்படித்தான் ஏறும்.

நேரத்தோடு நல்ல கடல்நீரில் அலசினால்
விஷம் கழன்றுகொள்ளும்.
டிக். வெகுநேரம் ஒன்றுமில்லை. டிக்டிக்.
இன்றைக்கு அப்படி மீண்டது ஒன்று.

வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது
கன்னியப்பனிடம் சொன்னேன்.
வலையை உதறிக்கொண்டே கேட்டான்:
"நரம்பு பொழச்சிகிச்சு. செரி.
கணவாய்?"

வாளி விளிம்பில் காய்ந்திருந்த மையை
கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றேன்.
போகவில்லை.