அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள்

ஏழாம் படுக்கை. ட்செரென்துலம்.
ஐம்பத்து நான்கு வயது. டிராலி பஸ்ஸில் கண்டக்டர்.
வாயில் குழாய்; உதட்டோரம்
இருபத்திரண்டு என்று ஒரு கோடு.
பணிக்கு வந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பேன்,
பிறகுதான் முகத்தை.
சொல்ல வெட்கம்தான்.

ஜன்னலுக்கு வெளியே உலான்பாத்தர்
மைனஸ் முப்பத்தொன்றில்
நிலக்கரியைப் புகைத்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே, வடிகட்டி, சூடாக்கி, ஈரம் சேர்த்து
நிமிடத்துக்குப் பதினாறு முறை
இயந்திரம் அவளுக்கு ஊட்டுகிறது.
இந்த ஊரிலேயே நல்ல காற்று
வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத்தான் என்பார்
இரவு டாக்டர் கன்சோரிக்.
ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வார்.

தலைமாட்டை உயர்த்தியே வைக்கிறேன்.
குழாயில் தேங்கிய நீரை அவள் பக்கம் சாயாமல் வடிக்கிறேன்.
பல்லையும் ஈறையும் துடைக்கிறேன்.
சளி உறிஞ்சும்போது
அவள் முகம் சிவந்து கண் நிறையும்.
பத்து விநாடிக்கு மேல் போகக் கூடாது;
எண்ண மாட்டேன், என் மூச்சையும் நிறுத்திக்கொள்வேன்.
எனக்கு முட்டினால் அவளுக்கும் முட்டும்.

ஒரு மணிக்கு மயக்க மருந்தைக் குறைத்தோம்.
விழித்தாள்.
விழித்த கை நேராகக் குழாயைத் தேடியது,
நடுவழியில் பிடித்துக்கொண்டேன்.
"குழாய் இருக்கும்வரை குரல் வராது அக்கா.
இதில் காட்டுங்கள்."
எழுத்துப் பலகையை நீட்டினேன்.
நீர் கோத்த விரல் நடுங்கி நடுங்கி இறங்கிற்று
ஓர் எழுத்தில், பிறகு இன்னோர் எழுத்தில்.
உஸ்.
தண்ணீர்.

தண்ணீர் கூடாது என்றேன்.
ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டேன்.
கண்ணை இறுக மூடினாள்.
மறுபடி பலகை, அதே இரண்டு எழுத்து.
மறுபடி பஞ்சு.
மூன்றாம் முறை என் குரலில்
குழந்தைக்குச் சோறூட்டுகிறவளின் குழைவு ஏறியிருந்தது,
எனக்கே கேட்டது.
பலகையை ஓங்கித் தட்டினாள்.
இயந்திரம் அலறியது.
அழுத்தம் இறங்கும்வரை அவள் என்னைப் பார்த்த பார்வை:
நேற்றைய டிக்கெட்டை நீட்டிய பயணியைப் பார்ப்பது போல.

நான்கு மணி. புரட்டிப் படுக்கவைக்கும் நேரம்.
உதவியாளன் மியாக்மர் குழாயைத் தாங்க
நான் பிடரிக்கு அடியில் கைவிட்டேன்.
குழாயைக் கட்டிய நாடாவின் முடிச்சில்
கொத்தாகச் சிக்கியிருந்தது அவள் முடி.
தலை அசையும் ஒவ்வொரு முறையும்
வேரோடு இழுத்திருக்கிறது. தோல் சிவந்து வீங்கி.

எங்கள் மொழியில் தண்ணீருக்கும் முடிக்கும்
ஓர் எழுத்துதான் வேறு.
அகரவரிசையில் அவை அக்கம்பக்கம்:
ஒன்றுக்கு வால் சாயும், மற்றதற்கு நேரே இறங்கும்.
நடுங்கும் விரல் ஒன்றுக்கு அதற்குள் என்ன இடம்?
மூன்று மணி நேரம்
ஒரு வாலைத் தவறாகப் படித்திருக்கிறேன்.

நாடாவைத் தளர்த்தினேன்.
ஒவ்வொரு இழையாக எடுத்தேன்.
மியாக்மர் குழாயை விடவில்லை,
கோடு உதட்டோரம் அப்படியே இருந்தது.
சீவி, பின்னி, தோள்பக்கம் ஒதுக்கி
புது நாடா கட்டினேன், ஒரு விரல் நுழையும் தளர்வில்.
"முடியா?" என்றேன் அப்போதுதான்.
அவள் கண்ணைத் திறக்கவில்லை.
புருவம் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது;
இறங்கு, உன் நிறுத்தம் வந்தாயிற்று என்பது போல.

குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
அழுத்தம், ஆக்சிஜன், சிறுநீர், சளியின் நிறம்.
முடிக்கு இல்லை.
"பிற" என்ற இடத்தில் எழுதினேன்:
நாடாவில் முடி. கேட்டார். நான் கேட்கவில்லை.
டாக்டர் படித்துவிட்டு
கடைசி வாக்கியத்தை அடிக்கச் சொன்னார்.
அடிக்கவில்லை.

பலகையில் அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே
பேனாவால் ஒரு கோடு போட்டேன்.
தூக்கக் கலக்கம்.
கோடு நேராக விழவில்லை.