ஏழாம் நிலை

யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று வளர்த்த வீட்டில்
நான் தேர்ந்தெடுத்தது டிராம்போன்.
கை நீட்டாமல் அதில் ஒரு பாட்டும் முடியாது.
ஏழு நிலைகள் அதற்கு.
ஏழாவது, தோள் கழன்றுவிடும் தூரத்தில்.
பதினொரு வயதில் எட்டவில்லை,
ஷூ நாடாவைக் கட்டித் தள்ளி இழுத்தேன்.

டண்டீயில் மார்ச் மாதம்.
வாடகைச் சமையலறையில் கேமராவைப் பார்த்து
"என் பெயர் எய்ல்சா.
ஒரு இசைத்தட்டுக்கு ஆறாயிரத்து இருநூறு பவுண்டு வேண்டும்"
என்று சொல்லிமுடிக்கப் பதினாலு முறை ஆயிற்று.
பதிமூன்றிலும் சிரித்துவிட்டேன், அல்லது
பிடிபட்டவள்போல் கழுத்தைத் தொட்டேன்.
பதினாலாவதில் பின்னால் வாஷிங்மெஷின் சுழல ஆரம்பித்தது.
அதையே வைத்துக்கொண்டேன்.

முப்பது நாள் கெடு.
முதல் நாள் பதினொரு பேர்;
அதில் இருவர் என் அம்மா.
ஒன்பதாம் நாள் நாற்பத்தொரு சதவீதம்.
பதினேழாம் நாளும் நாற்பத்தொரு சதவீதம்.
ஜன்னலுக்கு வெளியே டே நதியில்
கடல் தினம் இரண்டு முறை ஏறி இறங்கியது,
என் எண் மட்டும் பாலத்தூண் மாதிரி.

டிரம் வாசிக்கும் ரூரி சொன்னான்:
ஊரைப் பார்த்துக் கேட்டால்
ஊர் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும்.
பெயர் சொல்லிக் கூப்பிடு.

கூப்பிட்டேன்.
நூற்று அறுபத்துமூன்று கடிதம்,
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாமல்.
நான் வாசிக்க, கொட்டும் மழையில் மணந்து
இப்போது பிரிந்து வாழும் இருவருக்கும் எழுதினேன்.
இருவரும் தந்தார்கள், தனித்தனியாக, ஒரே தொகை.
ஜனவரியில் பாய்லர் பழுதுபார்க்க வந்தவர் ஐந்து பவுண்டு அனுப்பி
அழுத்தம் இறங்காமல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.
பல் மருத்துவர் ஐம்பது.
முதலீடு என்றாள், உன் முன்பற்களில் எனக்கும் பங்குண்டு.
ஒருவர் திட்டினார்: வேலைக்குப் போகலாமே.
போகிறேனே,
காலை ஆறு மணிக்கு, பஸ் கழுவும் பணிமனைக்கு.
அவருக்கும் பதில் எழுதினேன். அத்தோடு சரி.

இருபத்தாறாம் நாள்
கீழ்வீட்டு டகல் வெடர்பர்ன்.
நான்கு வருடமாகத் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை,
தட்டிக்கொண்டிருப்பவர்.
பத்துப் பவுண்டு.
கூடவே, பரிசுப் பட்டியலில் நான் போடாத ஒன்று:
"தட்டு வேண்டாம். செவ்வாய்க்கிழமை வேண்டும்."

கொடுத்தேன்.

கெடு முடிய நாற்பது நிமிடம் இருக்கையில் கோட்டைத் தாண்டியது.
ஆறாயிரத்து நானூற்று முப்பத்தொன்று.
குதிப்பேன் என்று நினைத்திருந்தேன்.
போய் முகம் கழுவினேன்.

நடத்துபவர்களின் பங்கு போக, கார்டு கட்டணம் போக,
நான்கு நாள் ஸ்டூடியோ, வீங்கிய உதடு.
ஒசாகாவில் ஒருவருக்கு அனுப்பும் செலவு
அவர் தந்ததைவிட இரண்டு பவுண்டு கூட.
தபால் நிலையத்தில் செங்கா தராசைப் பார்த்துச் சொன்னாள்:
"நாற்பத்தேழு கிலோ, கண்ணு. ஜெயித்தவள் நீதான், சுமக்கிறவள் நானா?"

செவ்வாய்களில் டிராம்போன் பெட்டிக்குள்.
நான் உறைகளுக்கு முகவரி எழுதினேன்.
இருநூற்றுப் பதினேழு பெயர்கள்,
இருநூற்றுப் பதினேழு பேருக்கும் நான் கடன்.
பசை காயக் காத்திருந்தபோது ஒருமுறை
தரையில் காது வைத்துக் கேட்டேன்,
விலைக்கு வாங்கிய அமைதியில்
அந்த மனிதர் என்னதான் செய்கிறார் என்று.
ஒரு நாற்காலி நகர்ந்தது. அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, இரண்டாவது தட்டு.
அதே சமையலறை. இந்த முறை மூன்றே முறை.
அறிவித்த ஆறாவது நிமிடம்,
அம்மாவின் முதல் பெயருக்கும் முன்னால்,
டகல் வெடர்பர்ன், பத்துப் பவுண்டு.
"வியாழனும்."

உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
ஒரு தட்டுக்கு ஒரு கிழமை என்றால்
ஏழாவதில் வாரம் முழுக்க அவருடையது.
இருக்கட்டும்.
இன்று புதன்.