கலைக்காதே

தோற்பதற்கு எனக்குச் சம்பளம்.
சனிக்கிழமைகளில், மணிக்கு எட்டு யூரோ,
தார்த்து நகரில், ஆற்றோரக் கடையில்,
சன்னல் பக்கத்து மேசை.

புதிதாக வருகிறவர் எதிரே உட்கார்ந்து
ஏழாம் சுற்றில்
என் கடைசி விளக்கை அவர் அணைக்கும்படி ஆட வேண்டும்.
அணைந்ததும் "அடடா" என்று சொல்ல வேண்டும்.
அதுவும் தாளில் அச்சாகியிருக்கிறது.

பயிற்சிப் பெட்டி செய்தவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.
ஆளுக்கு ஏழு கண்ணாடி மணிகள், அவைதான் விளக்குகள்.
மணி உருண்டோடாமல் குழி வைத்த ரப்பர் விரிப்பு,
கட்டு இங்கே, செத்த சீட்டு இங்கே என்று கோடு கிழித்தது.
மூன்றாய் மடித்த தாள்:
முதல் சுற்றில் பாலம் போடு,
இரண்டாம் சுற்றில் ஓநாயை விடு.
பிறகு, இருபது சீட்டு.
மூலையில் எண் போட்டு, வரிசை பிசகாமல் அடுக்கி,
சிவப்பு ரப்பர் வளையம் மாட்டி,
மேலட்டையில் மூன்று மொழியில்
கலைக்காதே.

இருநூற்றுப் பதினொரு முறை தோற்றிருக்கிறேன்.
ஒரு பல் மருத்துவரிடம்.
தேனிலவுக்கு வந்த லாத்வியத் தம்பதியிடம், தனித்தனியாக.
ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும்
என் முகத்தையே பார்த்துவிட்டு
"நீ வேணும்னே தோத்தே" என்றான்.
தாளில் அதற்குப் பதில் இல்லை.

பிப்ரவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
பனி வாரும் வண்டி ஓட்டுகிற உர்மாஸ்
இரவு வேலை முடித்து நேரே வந்தார்.
வண்டியை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.
மீசையில் உறைந்தது மேசையில் சொட்டியது.
மகள் தாலினில் இதை ஆடுகிறாளாம்,
போட்டிக்கெல்லாம் போகிறாளாம்,
போனில் அவள் பேசுவதில்
பாதி புரிவதில்லையாம்.

விரிப்பை நேராக்கக் குனிந்தேன்.
நிமிர்வதற்குள்
வளையத்தைக் கழற்றி, கட்டைப் பிளந்து,
சரசரவென்று குலுக்கிக்கொண்டிருந்தார்.
முப்பது வருடம் வண்டிக்கொட்டகையில் சீட்டாடிய கை.
அது யாரையும் கேட்காது.

"கலைச்சிட்டீங்களே."
"கலைக்காம எப்படி ஆடுறது?"

பாலம் போடு என்றது தாள்.
கையில் நாலு ஓநாய், ஒரு மூடுபனி.
தாளைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.
அப்படியும் நாலு ஓநாய்தான்.

என் கட்டு மட்டும் வரிசை தப்பாமல்,
ஆளில்லாத நிறுத்தங்களிலும்
நின்று நின்று போகும் பேருந்து மாதிரி.
ஒரு கணம் பார்த்தேன். நானும் குலுக்கினேன்.
அந்த நாற்காலியில் உட்கார்ந்து
அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல்
சீட்டெடுத்தது அன்றுதான்.
விரல் நுனி குறுகுறுத்தது.

ஓநாய் ஓநாயைத் தின்னுமா என்றார்.
மூடுபனிக்குள் விட்டதைத் திரும்பக் கூப்பிடலாமா என்றார்.
எனக்கே தெரியவில்லை.
கடைக்காரர் பியரெத்தைக் கேட்டோம்.
அவர் விதிப்புத்தகத்தைத் தேடப் போனார்,
வரவேயில்லை.

பதினோராம் சுற்று.
அணைந்தது அவர் விளக்கு.
ஜெயித்தால் என்ன சொல்வது என்று
யாரும் எழுதித் தரவில்லை எனக்கு.
அவரே சொன்னார்: "அடடா."
தாளில் அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததேயில்லை.

"எங்கே கோட்டை விட்டேன்?"

சீட்டு சீட்டாகப் பின்னால் போனோம்.
ஒன்பதில் இல்லை. ஏழில் இல்லை.
நாலாம் சுற்றில், பசியே இல்லாதபோது
ஓநாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்.
தாளின் வெற்றுப்புறத்தில் அதை எழுதிக்கொண்டார்,
பெரிய பெரிய எழுத்தில், வழி கேட்டு எழுதுகிறவரைப் போல.
மடித்துக் கோட்டுப்பையில் வைத்தார்.
பெட்டிக்கு ஒரு தாள்தான்.
நான் கேட்கவில்லை.

வண்டியில் ஏறியும் கிளம்பவில்லை.
காதில் போன்.
"நீ ஓநாயை எப்ப விடுவே?" என்று கத்துவது
கண்ணாடி வழியாகக் கேட்டது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.
கூரை மேல் சுழலும் மஞ்சள் விளக்கு
என் மணிகள் மேல் வந்து வந்து போயிற்று.

அடுத்தவருக்காக அடுக்கினேன்.
இரண்டு, மூன்று, நான்கு.
இருபது வரைக்கும் சரி.
ஒன்றைக் காணோம்.

மேசைக்கடியில் கிடந்தது,
பூட்ஸ் தடத்தோடு, நனைந்து.
பாலம்.
குலுக்கும்போதே விழுந்திருக்கிறது.