பதினாலு பல்

வாடகை கேட்டு வந்த இத்ரிஸ் பாயை
வண்டிமேல் ஏறி உட்காரச் சொன்னேன்.

"இன்னாம்மா தபித்தா, ரெண்டு மாசம் ஆவுது."
"தெரியும் பாய். பின் பிரேக்கை மிதிங்க மொதல்ல,
உடம்பு பாரம் முழுசா எறக்கி."

முதல் கியரில் நிற்கிறது.
சங்கிலி விறைத்துக்கொண்டது.
வாஷரின் மடிந்த காதை
காலையிலேயே உளியால் நிமிர்த்தியாயிற்று.
இந்த நட்டு மட்டும்
நேற்று மாலையிலிருந்து முறைத்துக்கொண்டு இருக்கிறது.

ஸ்பேனரின் வாலில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி
சுவரில் ஒரு கால் ஊன்றி இழுத்தேன்.

டக்.

"யா அல்லா" என்றார்.
எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.
நானும்தான் நினைத்தேன்.

கழற்றிய சக்கரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
பதினைந்து பல்லும் ஒரே பக்கம் வளைந்து
இலந்தை முள்போலக் கொக்கி போட்டிருந்தன.
"இதுக்கா என் வாடகை போச்சு?"
"அது பழசு பாய். உங்க வாடகை இதோ, இதுல இருக்கு."

புதியதில் பதினாலு.
ஒரு பல் குறைவு, கொஞ்சம் இழுவை கூடுதல்.

பேர்ணாம்பட்டில் வெட்டிய ஷூத் தோலை
மூட்டை கட்டிப் பின்னால் ஏற்றி
பத்தலப்பல்லி மலை ஏறினால்
மூன்றாவது வளைவில் இரண்டாம் கியர் திணறும்.
முதல் கியர் அலறும்.
நடுவே பாதிக் கிளட்ச்சில்
தகடு கருகும் நாற்றத்தோடு ஊர்ந்து போவேன்.
போன புதன்கிழமை அங்கேயே நின்றுவிட்டது.
ரோட்டில் யானைச் சாணம்.
ஆவி அடங்கியிருக்கவில்லை.
பதினோரு உதை உதைத்தேன்.
எதற்கு எண்ணினேனோ.

தையல்காரிகள் அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.
ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி,
தோல் வந்தால்தான் ஊசி எடுப்பார்கள்.

பின்சக்கரத்தைத் தளர்த்தி
இரண்டு பக்கக் கோடும் ஒன்றாகும்வரை பின்னால் இழுத்தேன்.
சங்கிலிப் பூட்டின் கிளிப் ஒரு சின்ன மீன்.
போகும் திசையில் தலை இருக்கவேண்டும்.
மாற்றி மாட்டியவர்களைத் தள்ளிக்கொண்டு வருகையில் பார்த்திருக்கிறேன்.

பாய் இறங்கவில்லை.
"இன்னும் மிதிக்கணுமா?"
"நட்டை இறுக்கணும். மிதிங்க."

பிறகு கிளட்ச் கேபிள்.
மேல்முனையில் ஓர் இழை அறுந்து
கட்டைவிரலில் ஏறியது. மிச்ச இழைகள்
இந்த மாதத்தைத் தாண்டினால் போதும்.
காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி
உறைக்குள் எண்ணெய் சொட்டவிட்டேன்.
கூம்பின் ஓரத்தில் தன் கையெழுத்தை
அவர் அடையாளம் கண்டுகொண்டார்.
ஆகஸ்ட் மாத வாடகைச் சீட்டு.
ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வண்டியை எனக்கு விற்றவனுக்கு நீள விரல்கள்.
கேபிளை விண்ணென்று இழுத்து வைத்திருந்தான்.
லிவரைப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும்போதே,
என் விரல் நுனி தொட்டுக்கொண்டிருக்கும்போதே,
வண்டி பாய்ந்துவிடும்.
கையை முழுக்க எடுத்தாலும்
தகடு முழுக்கக் கவ்வாது.
கருகியது அதனால்தான்.
எட்டு மாதமாய் அவன் கைக்கு ஓட்டியிருக்கிறேன்.

திருகைத் தளர்த்தினேன். ஒரு சுற்று.
அரை. இன்னும் கால்.
லிவர் சும்மா ஆட ஓர் இடம் வேண்டும்,
எந்த வேலையும் செய்யாத தூரம்.
மெக்கானிக்குகள் பிளே என்பார்கள்.

"பாய், ரெண்டு ரூபா காசு இருக்கா?"

ஜிப்பாப் பையில் தேடி எடுத்துக் கொடுத்தார்.
லிவரின் அடியில் விட்டுப் பார்த்தேன்.
போய் வந்தது, உரசாமல், தொளதொளக்காமல்.
பூட்டு நட்டை இறுக்கினேன்.

இறங்கும்போது வெள்ளை ஜிப்பாவின் கீழ்விளிம்பில்
கிரீஸ் கோடு. நான் சொல்லவில்லை,
அவரும் பார்க்கவில்லை.
"பத்தாம் தேதி" என்றார் கதவருகில்.
"பதினஞ்சு" என்றேன்.
"பதினாலு" என்று சொல்லி
அவரே சிரித்துவிட்டார்.

காலை நாலு மணிக்கு மூட்டை வரும்.
இருட்டில் ஒருமுறை லிவரை அழுத்தி விட்டேன்.
என் கைக்குள் வந்து கவ்வியது.

காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.