மிச்சக் குதிரைகள்

லைசென்ஸைத் திருப்பி, பின்பக்கச் சிற்றெழுத்தை
நகத்தால் தொட்டார் பக்கீசியோ.
"உங்களுக்கு நாற்பத்தேழு குதிரைதான்."
தெரியும்.
தார்த்துவில், பெரிய வண்டியில் இரண்டு முறை கூம்பை இடித்துவிட்டு
மூன்றாம் முறை சின்னதில் தேறியவள் நான்.
ஐம்பத்தொரு வயதில்
பதினெட்டு வயதுப் பையன்களின் லைசென்ஸ்.

கொட்டகையில் அச்சு அசலாக இரண்டு சாம்பல் வண்டிகள்.
ஒன்றின் தொண்டையில்
கட்டைவிரல் நகம் அளவு உலோகம் வைத்திருக்கிறாராம்.
எவ்வளவு முறுக்கினாலும் பாதியில் தட்டி நிற்கும்.
சான்றிதழை நான்காய் மடித்து
இருக்கைக்கு அடியில் செருகினார்.
போலீஸ் கேட்டால் காட்டுங்கள்.

எஸ்தோனியாவில் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரை
மலை என்று கூசாமல் சொல்வோம்.
சார்தீனியாவில் அது ஒரு வளைவு.
தோர்காலி தாண்டியதும் சாலை
பாறையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறியது.
எனக்கு முன்னால்
தக்கைப் பட்டை ஏற்றிய லாரி ஒன்று.
பதினோரு கிலோமீட்டர் அதன் பின்பலகையைப் படித்தேன்.
மனப்பாடமே ஆகிவிட்டது.
ரொட்டிப் பையோடு ஸ்கூட்டரில் ஒரு பையன் தாண்டிப் போனான்.
தக்காளிக் கூடைகளோடு ஆப்பே வண்டிக்காரி ஒருத்தி
ஹாரன் அடித்து, கையாட்டி,
என்னையும் லாரியையும் சேர்த்தே தாண்டினாள்.

நானோ அந்த உலோகத்தைச் சபித்துக்கொண்டிருந்தேன்.
நீ மட்டும் இல்லாவிட்டால்.
மழை நனைத்த கொண்டை ஊசியில்
இறங்கி வண்டியைத் தள்ளியதற்கும் அதுதான் காரணம்.
கடலோரச் சாலைக்குத் திரும்பாமல் விட்டதற்கும்.
இரவில் விடுதியில் படுத்தபடி கணக்குப் பார்த்தபோது
மார்ட்டிடம் சொல்ல வேண்டியதை
ஒன்பது வருடம் கழித்துச் சொன்னதையும்
அதன் தலையிலேயே கட்டினேன்.
நகம் அளவு இருந்துகொண்டு எவ்வளவைத் தாங்கியது, பாவம்.

பவுனேயில் கராபினியேரி நிறுத்தினார்கள்.
இளையவள் சான்றிதழை டாங்கின் மேல் விரித்தாள்.
எண்ணைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்,
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வழிந்த என் நரையைப் பார்த்தாள்.
என்னவோ கேட்க வாயெடுத்து,
மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
"நீங்கள் எப்படியும் மெதுவாகத்தானே, சிஞ்ஞோரா."

நான்காம் நாள் கொட்டகை வாசலில் சண்டை.
வன்னெஸ் என்ற பெல்ஜியக்காரர்,
எழுபத்து மூன்றுக்குக் காசு கொடுத்த ஆள்,
ஏற்றத்தில் கிழட்டுக் கழுதை மாதிரி முனகியது என்று
மற்ற சாம்பல் வண்டியின் சக்கரத்தை உதைத்தார்.
பக்கீசியோ குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்து என்னுடையதைப் பார்த்தார்.
சிலுவை போட்டுக்கொண்டார்.

மாறிப் போயிருக்கிறது.

"நாலு நாள்!" என்றார் என்னிடம், கோபமும் கெஞ்சலுமாக.
"உங்களுக்குத் தெரியவே இல்லையா?"
விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் இல்லை,
எனக்கு அபராதம், அவருக்குக் கடையே இல்லை.
யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அறுபது யூரோவும்
உருண்டைப் பாலாடைக்கட்டி ஒன்றும் கையில் திணித்தார்.
வன்னெஸ் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
நியாயம்தான்.
அவருடைய இருபத்தாறு குதிரைகளும் நான்கு நாளாய்
என்னிடம்தான் நின்றிருந்தன,
லாயத்தை விட்டு ஓரடி வெளியே வராமல்.

அவர்கள் காசைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில்
அணைந்து கிடந்த வண்டியிடம் போனேன்.
கைப்பிடியை முறுக்கினேன்.
பாதி வந்தது. தட்டவில்லை.
முறுக்கினேன்.
நான் ஒருநாளும் போகாத இடத்துக்கு
எண்ணெய் போட்டாற்போல் வழுக்கிக்கொண்டு போனது.
முதலில் நின்றது என் மணிக்கட்டு.

சாவியை ஒரு தடவை கொடுங்கள் என்று கேட்கவில்லை.
சட்டப்படி கேட்கவும் கூடாது.

விமானம் முழுக்கப் பாலாடைக்கட்டி நாறியது.