உப்புக்குப் பக்கத்தில்

கோமோதோரோவிலிருந்து மகன் கொண்டுவந்தான்
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி,
இரண்டு சோப்புக்கட்டி அளவு.
அப்பாவுக்கு, மழைநாளில் பொழுது போக, என்றான்.
இங்கே மழை ஏது.
காற்றுதான். அது ஓய்ந்த நாளைக்
காலண்டரில் வட்டமிட்டு வைப்போம்.

எலியோதோரோ இரண்டு நாள் ஆடிப் பார்த்தார்.
கட்டைவிரல் பெரிது, பொத்தான் சிறிது.
கம்பளிப் பொதி அடுக்கக் காசு வாங்குகிறவன்
இதைச் சும்மா அடுக்குவானேன் என்று
அலமாரியில் உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

உப்பெடுக்கப் போனவள் நான்.

மேலிருந்து ஒரு கட்டை இறங்கும்.
வளைந்ததோ நீண்டதோ சதுரமோ
வந்தால்தான் தெரியும்.
திருப்பு. நகர்த்து. விடு.
வரிசை நிறைந்தால் அப்படியே மறைந்துபோகும்.
முப்பத்தோரு வருடமாய் இந்தப் பண்ணையில் இருக்கிறேன்,
முடித்ததும் மறைந்துபோன வேலை
ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

ரொட்டி கருகியது.
மாத்தேக்கு வைத்த தண்ணீர், கொதிக்கவே கூடாதது, கொதித்து வற்றியது.
நாய் ஒருநாள் இரண்டு வேளை தின்றது
மறுநாள் பட்டினி.
கண்ணை மூடினாலும் கட்டைகள் இறங்கின.
பட்டிவாசலில் ஆடுகள் நெருக்கியடிக்கையில்
அந்தக் கோணக்கொம்பை இடப்பக்கம் திருப்பினால்
சந்து அடையுமே என்று
கை தன்னால் அசைந்தது.

பெட்டி நான்கு பேட்டரி குடிக்கும்.
ரேடியோவுக்கு நான்கு, டார்ச்சுக்கு இரண்டு.
சாமான் லாரி மாதம் ஒருமுறை.
ராத்திரி ஏழரைக்கு ரேடியோவில்
பண்ணைக்காரர்களுக்கு வந்த சேதிகளை வாசிப்பார்கள்:
இன்னாருக்கு ஆண்பிள்ளை, இருவரும் சுகம்.
இன்னாருடைய பம்பு சரியாகிவிட்டது, வந்து எடுத்துப்போகவும்.
தொலைபேசி ஏறாத மேட்டில்
அதுதான் தபால், அதுதான் ஊர்வம்பு.

கட்டைகள் எல்லாவற்றையும் குடித்துமுடித்த வாரத்தில்
என் பெயரும் வாசிக்கப்பட்டிருக்கிறது.
நெலிதாவுக்கு: புதன்கிழமை பேருந்தில் வருகிறேன்,
முச்சந்தியில் நில். ஒதிலியா.

நின்றது அக்காதான்.
மூன்று மணி நேரம், துணிப்பெட்டிமேல், வாயெல்லாம் மணல்.
வேலிக்கம்பி ஏற்றிப்போனவன் யாரோ இறக்கிவிட்டான்.
கதவைத் தள்ளி உள்ளே வந்தவளைப் பார்த்தேன்.
ஒன்பதாம் நிலை. ஒரே ஒரு நீளக்கட்டை வந்தால் போதும்.
சொல்ல வெட்கம்தான்:
நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான்
அவளைக் கட்டிக்கொண்டேன்.

எலியோதோரோ ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த லாரி வந்த அன்று
ஆட்டுக்குக் குறிபோடும் மையைத் திறந்தார்.
சிவப்புப் பொட்டு வைத்த நான்கும் ரேடியோவுக்குள்.
நீலப்பொட்டு இரண்டும் டார்ச்சுக்குள்.
பொட்டில்லாத நான்கு
உப்புக்குப் பக்கத்தில்.

பதினோரு நாள் வந்தன.
அடுப்போரம் சூடுகாட்டிப் பன்னிரண்டாக்கினேன்.
சிவப்பைத் தொடவில்லை, ஒதிலியாமேல் ஆணை.
நீலத்தை ஒருமுறை மாற்றிப் போட்டேன்.
இரண்டு முறை.

அதனால் அக்டோபரில், ஈற்றுக் கொட்டகையில்,
டார்ச் மஞ்சளாகி, பழுப்பாகி, அணைந்தபோது
காரணம் எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
ஆடு முக்கிக்கொண்டிருந்தது.
கையை உள்ளே விட்டேன்.
ஒரு முழங்கால். இன்னொன்று.
தலை பின்னால் மடங்கி அடைத்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் உள்ளே தள்ளு. திருப்பு. இப்போது விடு.

ஆட்டத்தில் கற்றதா என்று கேட்காதீர்கள்.
இருபது வயதிலிருந்து செய்கிறேன்.
அன்றைக்குக் கட்டைவிரல் மட்டும்
அந்தச் சூட்டுக்குள் ஏதோ பொத்தானைத் தேடியது.

வழுக்கி வைக்கோலில் விழுந்தது.
மறையவில்லை.
எழுந்தது, சரிந்தது, மறுபடி எழுந்து
என் காலுக்கும் சுவருக்கும் இடையே,
இடைஞ்சலான இடத்தில், ஈரமாய் நின்றது.

எத்தனை, என்றார் இருட்டுக்குள்ளிருந்து.
ஒன்று, என்றேன்.
இரு, இன்னொன்று இறங்குகிறது.